அரை வண்டியின் எண்பத்தோராயிரம் மைல்

சாந்தோம் பிலிப்புக்கு மனிதர்களின் வயதைச் சொல்ல வராது. ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம் மனைவி அல்போன்சாவுக்கு நாலு வயது கூட்டிச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் வெறும் ரசத்தோடு சாப்பிட்டவர் அவர். ஆனால் இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கச்சேரி ரோட்டுத் திருப்பத்தில் கியர் மாற்றினால் போதும். பூசையில் முழங்காலிட்டிருக்கும் போதே அவர் காது விடைக்கும். "சிங்கர் காரு. அறுபதாயிரம் தாண்டியாச்சு, சங்கிலி லூசு" என்று முணுமுணுப்பார். பக்கத்தில் ஜெபமாலை உருட்டும் அல்போன்சா முழங்கையால் ஒரு இடி இடிப்பாள்.

யுத்த காலத்தில் பரங்கிமலை ராணுவப் பட்டறையில் லாரி பழுது பார்த்துக் கற்ற தொழில். யுத்தம் முடிந்தபின் லஸ் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள், நகக்கண்ணில் போகாத கறுப்பு. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய நாற்பத்தேழு, நாற்பத்தெட்டில் அவர்கள் விட்டுப்போன சின்னச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் சென்னை முழுக்கக் கைமாறின. வாங்கினவர்கள் எல்லோரும் முதலில் மைல் மீட்டரைத்தான் பார்த்தார்கள். பிலிப்புக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"மைல் வேற, வயசு வேற சார்" என்று கையில் ஸ்பானரோடு ஆரம்பித்துவிடுவார். "அடையாறு பங்களாவுல ஒரு வண்டி கீது. இருபதாயிரம்தான் ஓடிகீது. கடல் காத்துல நின்னு நின்னு சேஸிஸ் அப்பளமா நொறுங்குது. இன்னொண்ணு மைசூருக்கும் இங்கயும் போய்க்கினு வந்துக்கினு எழுவதாயிரம். என்ஜின் இன்னும் குழந்தை. ஓடுற வண்டி சீக்கிரம் கிழமாவாது சார், நிக்கிற வண்டிதான் கிழமாவும்."

ஒவ்வொரு ஜாதி வண்டியும் ஒவ்வொரு இடத்தில் மூப்படையும் என்பது அவர் கண்டறிந்தது. சிங்கரில் மேலே ஓடும் சங்கிலி தளர்ந்து, காலைக் குளிரில் கொலுசு மாதிரி சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் சரிபண்ணிவிட்டால் இன்னும் இருபதாயிரம் மைல் வாயைத் திறக்காது. ரைலி காருக்கு என்ஜின் கருங்கல். வயசெல்லாம் உடம்பின் மரச்சட்டத்துக்கு. பழைய சின்ன எம்.ஜி.யில் டைனமோ என்ஜினுக்கு முன்னால் நட்டக்குத்தலாக நிற்கும், மேலிருந்து எண்ணெய் சொட்டிச் சொட்டி அதன் வயிறு நனையும். பின்னால் வந்த டி.ஏ. எம்.ஜி.யில் அந்தத் தொல்லை இல்லை. அதன் கிளட்ச் எண்ணெயில் முங்கி ஓடும் கார்க். எண்ணெயை வேளைக்கு மாற்றினால் பூனைபோல் பிடிக்கும், மறந்தால் வழுக்கும். இதையெல்லாம் ராத்திரி சாப்பாட்டில் அல்போன்சாவிடமும் சொல்வார். "குழம்பு எப்படி கீதுன்னு மட்டும் ஒருநாளும் சொல்லாதீங்க" என்பாள் அவள்.

அப்படிப்பட்ட ஒரு டி.ஏ. எம்.ஜி.தான் வக்கீல் சுப்பராமனுடையது. முப்பத்தேழாம் வருஷத்து வண்டி, பாட்டில் பச்சை நிறம். ஏற்காட்டு எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது சுப்பராமன் மோகத்தில் வாங்கிவிட்டார். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஏழு பேர் இருக்கிற குடும்பத்துக்கு இரண்டு பேர் உட்காரும் கார். அவர் மனைவி ஜலஜா அதற்கு 'அரை வண்டி' என்று பேர் வைத்திருந்தாள். மீட்டரில் எண்பத்தோராயிரம் மைல்.

ஒரு வருஷம் பிலிப் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அந்த வண்டிக்குக் கொடுத்தார். வால்வு உட்கார வைத்தார், கார்க் கிளட்ச் மாற்றினார், கதவின் உளுத்த மரத்தை எடுத்துத் தேக்கு வைத்தார். ஆனாலும் சுப்பராமனுக்கு உறுதி வரவில்லை. பார் அசோசியேஷனில் யாரைக் கேட்டாலும், "எண்பதாயிரமா? தலைமுழுகும் ஓய்" என்றார்கள். ராயப்பேட்டையில் வேன்களுக்கு பாடி கட்டும் ஷஃபியுல்லா நல்ல விலை சொன்னார். மேல் உடம்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, சேஸிஸில் பெட்டி கட்டி, ரொட்டி டெலிவரி வண்டியாக்கும் யோசனை அவருக்கு.

செய்தி கேட்டதும் பிலிப் சுப்பராமன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"சார், வெட்டிடாதீங்க சார். ரொட்டிக்கா இத்த உட்டுடப் போறீங்க?"

"நான் என்ன பண்றது பிலிப்? எல்லாரும் கிழம் கிழம்ங்கறா. நடுரோட்டுல நின்னுடுத்துன்னா என் மானம் போயிடும்."

"நிக்காது சார். நான் சொல்றேன்."

"நீ சொல்றே. வண்டி சொல்லணுமே!"

வண்டி சொல்வதற்கு ஒரு வாய்ப்பும் வந்தது. ஊரிலுள்ள ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் சேர்ந்து ஒரு ஓட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். அறுபதாயிரம் மைலைத் தாண்டிய கார்களுக்கு மட்டும். ஞாயிறு காலை ஆறரைக்கு அடையாறு பாலத்துத் தென்கரையில் புறப்பட்டு, செங்கல்பட்டில் வந்ததற்கு அடையாளமாக முத்திரை வாங்கிக்கொண்டு, ஒன்பதரைக்குள் தியாகராய நகர் பனகல் பார்க் வந்து சேர வேண்டும். பந்தயம் இல்லை, நேரத்துக்குள் வருவதுதான் கணக்கு. வண்டியில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி.

சுப்பராமன் தீர்ப்பு மாதிரிச் சொன்னார்: "ஒன்பதரைக்குள்ள வந்தா வண்டி எங்காத்துல இருக்கும். வரலேன்னா அங்கேயே ஷஃபியுல்லாகிட்ட சாவியைக் கொடுத்துடுவேன். அவரையும் பனகல் பார்க்குக்கு வரச் சொல்லியிருக்கேன்."

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. வண்டி போகப்போகிறதோ இருக்கப்போகிறதோ, பூஜையில் ஜலஜா குறை வைக்கவில்லை. ஹெட்லைட் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம், ஸ்டீயரிங்குக்கு, பானெட்டுக்கு, பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் பெட்ரோல் டாங்கின் வட்ட மூடிக்கு ஒரு கட்டைவிரல் சந்தனம். சனிக்கிழமை மாலை பிலிப் வண்டியைக் கண்ணாடிபோல் துடைத்தார். சந்தனம் இருந்த இடங்களை மட்டும் சுற்றி வளைத்துத் துடைத்தார். வேதக்காரக் கிறிஸ்தவன் கை வைத்து அழித்தான் என்று அந்த அம்மாள் மனசில் ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்ற நினைப்பு.

அன்று மாலையே இன்னொரு இடி. கூட வருவதாக இருந்த சுப்பராமன் கைப்பிடி போட்டு என்ஜினைச் சுழற்றப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ராத்திரி பிலிப் வீட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அல்போன்சா, நாளைக்கு நீதான் வரணும்."

"எங்க?"

"செங்கல்பட்டு. வண்டியில."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எட்டு வருஷமாக அந்த மனிதரின் கிரீஸ் சட்டையைச் சோடா உப்புப் போட்டுத் துவைத்தவள். ஒரு கார் சீட்டில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை.

"புடவை பறக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

"பறக்கும்."

"அப்ப ரெண்டு ஊசி கூடக் குத்திக்கிறேன்."

ஐந்து மணிப் பூசையை முடித்துக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தூக்குவாளியில் மிளகாய்ப்பொடி தடவின இட்லியோடு ஏறி உட்கார்ந்தாள். அடையாறு பாலத்தருகே ஏழு கார்கள் வரிசையாக உறுமின. சிங்கர் சலசலத்தது, ரைலி கனைத்தது. எம்.ஜி. தன் முறை வந்ததும் பாய்ந்த பாய்ச்சலில் அல்போன்சாவின் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. "மாதாவே!" என்றாள். கிண்டி தாண்டும்போது அது பயக் கூச்சலாக இல்லை. "இன்னும் போவுமா?" என்றாள். பிலிப் சிரித்தார். "எண்பத்தோராயிரம் மைல்! பாத்துக்கோ!"

பல்லாவரத்தில் வண்டி இருமியது. இரண்டு தடவை இழுத்தது, நின்றுவிட்டது.

பிலிப் குதித்து இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். பெட்ரோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடிக்க வேண்டியது, இழுத்து இழுத்து ஓய்ந்து கிடந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்டு இல்லை. பம்பைக் கழற்றி, முனைகளைத் தேய்த்து, மாட்டினார். அதற்குள் பத்து நிமிஷம் போய்விட்டது. ஸ்டார்ட் ஆயிற்று. "பம்ப்தான்" என்றார். இரண்டு மைலில் மறுபடி இருமல். தாம்பரத்தில் நின்றது.

இந்தத் தடவை குழாயை ஊதினார், வடிகட்டியைக் கழுவினார். ஒன்றும் நடக்கவில்லை. பெட்ரோல்தான் தீர்ந்ததோ என்று பின்னால் போய் டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். முக்கால் டாங்க் இருந்தது. மூடிவிட்டு வந்து, பம்பை ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டினார். டிக் டிக் டிக்! வண்டி உயிர்பெற்றது. "தட்டினா கேக்குது பாரு, கழுதை!" வண்டலூர், கூடுவாஞ்சேரி, எல்லாம் பறந்தன. சிங்கபெருமாள்கோயில் தாண்டி இருமல் தொடங்கி, தத்தித் தத்திச் செங்கல்பட்டு போய் முத்திரை வாங்கும்போது மணி எட்டு ஐந்து. மற்ற ஆறு வண்டிகளும் வந்து திரும்பிப் போயாகிவிட்டன.

திரும்பும் வழியில் ஆறு மைல்கூட ஓடவில்லை. சிங்கபெருமாள்கோயிலுக்கு முன்னால், புளியமரத்தடியில், வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டது.

பிலிப் பம்பைத் தட்டினார். கேட்கவில்லை. மறுபடி தட்டினார். கழற்றினார், மாட்டினார். ரோட்டோரக் கல்வெர்ட்டில் உட்கார்ந்து கைகளைத் தொடையில் துடைத்தார்.

"பூட்ச்சு" என்றார். "எல்லாரும் சொன்னதுதான். வயசாயிடுச்சு. எண்பதாயிரம் ஓடின வண்டி, இன்னா பண்ணும்?"

அல்போன்சா சீட்டிலிருந்தே திரும்பிப் பார்த்தாள். புழுதியில் முகம் சந்தன நிறமாக இருந்தது.

"இன்னாங்க சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க."

"வயசாயிடுச்சுன்னேன்."

"மைல் வேற வயசு வேறன்னு எட்டு வருஷமா என் சோத்துல மண்ணப் போட்டீங்களே, அது யாரு? உங்க தம்பியா?"

"வெறுப்பேத்தாத. மணி இன்னா?"

"எட்டு முப்பத்தஞ்சு. நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பல்லாவரத்துல பம்பப் பிரிச்சீங்க, நாலு மைல்ல நின்னுது. தாம்பரத்துல இன்னா பண்ணீங்க? பதினஞ்சு மைல் ஓடுச்சே?"

"தட்டினேன்."

"இப்பவும்தான் தட்டினீங்க. அங்க பின்னால போயி மூடியத் தொறந்தீங்க. தொறக்கறப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு."

பிலிப் நிமிர்ந்தார். அவருக்கும் கேட்டதுதான். காதுக்கு எட்டியும் புத்திக்கு எட்டவில்லை.

"மண்ணெண்ணெ டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா எண்ணெ வருமா?" என்றாள் அல்போன்சா. "இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு போடணும். காத்து போனாத்தான் எண்ணெ வரும். இதுக்குக் காத்து எங்க போவுது?"

பிலிப் ஓடினார். டாங்க் மூடியின் மேல் குனிந்தார். மூடியின் நடுவில், காற்று போக, குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அது இருந்த இடத்தில் ஜலஜாவின் கட்டைவிரல் சந்தனம் காய்ந்து சுண்ணாம்புப் பூச்சாக இறுகி, மேலே குங்குமம், அதன்மேல் செங்கல்பட்டு ரோட்டுப் புழுதி.

"அடியே!" என்றார். "அடியே அல்போன்சா! வண்டி மூச்சுமுட்டிக் கெடக்குதுடீ! பம்ப் இழுக்குது, இழுக்குது, உள்ள காத்து இல்ல, எப்படிப் பெட்ரோல் வரும்? நான்தான்... நான்தான் சுத்திச் சுத்தித் துடைச்சேன், இத்த மட்டும் உட்டுட்டு!"

"தொடைங்க சீக்கிரம்!"

பிலிப்பின் கை அந்தரத்தில் நின்றது. "சாமி சந்தனமாச்சே. நான் எப்படி..."

"நவுருங்க." அல்போன்சா இறங்கி வந்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தாயே, வண்டிக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு, துளையிருந்த இடத்தை மட்டும் நோண்டினாள். ஊசி உள்ளே இறங்கியதும் சீறிக்கொண்டு காற்று உள்ளே போயிற்று, யாரோ நெடுநேரம் அடக்கின மூச்சை இழுத்த மாதிரி. முன்னால் பம்ப் தானாகவே அடிக்கத் தொடங்கியது: டிக் டிக் டிக் டிக். பிலிப் ஒரு குதி குதித்தார். புளியமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று பார்த்தார்.

எட்டு நாற்பத்து மூன்று. பனகல் பார்க் இருபத்தேழு மைல்.

அதன்பின் அந்த வண்டி ஓடின ஓட்டத்தைப் பிலிப்பால் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அல்போன்சாதான் சொல்வாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி. முள் ஐம்பதில் நின்றது, அப்புறம் அறுபதைத் தொட்டது. கொண்டை அவிழ்ந்து முடி அவர் முகத்தில் அடித்தது. "முடியப் புடிடீ, ரோடு தெரியல!" என்று அவர் கத்த, "எந்தக் கையால புடிக்கிறது? ஒண்ணு கதவப் புடிச்சிகினு கீது, ஒண்ணு வாளிய!" என்று அவள் கத்தினாள். கூடுவாஞ்சேரியில் ஒரு கட்டை வண்டி குறுக்கே வந்தது. பிரேக் நாலு சக்கரத்திலும் ஒரே நேரத்தில் பிடித்தது. "பாத்தியா! எண்பத்தோராயிரம் மைல் பிரேக்கு!" வண்டலூர் வளைவில் பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கிவிட்டு நேரானது. தாம்பரத்தில் ஒன்பது ஏழு. பல்லாவரத்தில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்து மூன்று நிமிஷத்தைத் தின்றது. பிலிப் ஹாரனை அழுத்த, அல்போன்சா எழுந்து நின்று "ஹை! ஹை!" என்று வாளி மூடியால் தட்டினாள். கிண்டியில் சிங்கரை எட்டிப் பிடித்தார்கள். அதிலிருந்த இரண்டு கனவான்கள், தலைவிரிகோலமாக ஒரு பெண்பிள்ளை வாளியோடு தங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்து வாயைத் திறந்தவர்கள் மூடவில்லை. சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்தில் ஒன்பது இருபத்திரண்டு.

"போவுமா?" என்றாள்.

"போவும்!"

பனகல் பார்க் முனையில் சுப்பராமன் ஒரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்து, இன்னொரு கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஜலஜா. சற்றுத் தள்ளி ஷஃபியுல்லா, சட்டைப் பையில் அளவு டேப்போடு. பச்சை வண்டி உஸ்மான் ரோட்டிலிருந்து திரும்பினதும் சுப்பராமன் இடுப்பு வலியை மறந்து கையைத் தூக்கினார். உடனே "ஐயோ" என்று இறக்கினார். கொடி விழுந்தது. நேரம் குறித்துக்கொண்டிருந்தவர் உரக்கப் படித்தார்: "ஒன்பது இருபத்தேழு!"

பிலிப் என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் நம்பமாட்டார்கள் என்று ஒரு பயம். அது அடங்கிய குரலில் சீராகச் சுழன்றுகொண்டிருந்தது.

ஷஃபியுல்லா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து காதைச் சாய்த்துக் கேட்டார். "இன்னா நைனா, என் ரொட்டிப் பொட்டிய எங்க வெக்கிறது? ஒன் தலையிலயா?"

"ஒங்க தலையில வெச்சுக்கோங்க பாய்!"

"அடப் போய்யா. இந்தச் சத்தத்த வெட்டினா அல்லா கேப்பாரு." டேப்பை இன்னும் ஆழமாகப் பைக்குள் தள்ளிக்கொண்டார்.

சுப்பராமன் கிட்டே வந்தார். "ஏன் இவ்வளவு நாழி? முக்காவாசிப் பேர் ஒன்பதுக்கே வந்துட்டாளே?"

பிலிப் ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று இடத்தில் நின்றதைச் சொன்னார். துளையைச் சொன்னார். ஜலஜா முகம் சிவந்தது. "பிலிப்பு, அங்க வைக்கப்படாதுன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நீ துடைச்சா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"தெரியாமப் போச்சும்மா. நீங்க வெச்சது தப்பில்ல, நான் உட்டதுதான் தப்பு. அதவிடப் பெரிய தப்பு ஒண்ணு கீது சார்." பிலிப் தலையைச் சொறிந்தார். "சிங்கபெருமாள்கோயில்ல உக்காந்து, வண்டி கிழமாயிடுச்சுன்னு என் வாயாலயே சொல்லிட்டேன். நான் சொன்னதுல எனக்கே நம்பிக்கை பூட்ச்சு. இவதான் கேட்டா."

சுப்பராமன் அல்போன்சாவைப் பார்த்தார். அவிழ்ந்த முடி, புழுதி அப்பின முகம், மடியில் ஒரு இட்லிகூடக் குறையாத தூக்குவாளி. பிறகு ஷஃபியுல்லா பக்கம் திரும்பி, கோர்ட்டில் பேசுகிற குரலில், "பாய், வண்டி விற்பனைக்கு இல்லை" என்றார். சொல்லி முடித்ததும் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. கதவின் மேல் கை வைத்தார். "சரி, நகரு பிலிப். இடுப்பாவது ஒண்ணாவது. ஆத்துக்கு நான் ஓட்டிண்டு போறேன். ஜலஜா, நீ ஏறிக்கோ. அந்தம்மா இறங்கட்டும்."

அல்போன்சா இறங்கவில்லை. கதவுக் கைப்பிடியை இன்னும் விடாத கையைப் பார்த்தாள். அதற்கப்புறம் ஜலஜாவைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க தினம் ஏறலாம்" என்றாள். "இன்னிக்கு பீச் ரோட்டால சாந்தோம் வரைக்கும் மட்டும் நான் வர்றேனே?"

ஜலஜா தன் கணவரின் கைமேல் தட்டி அதைக் கதவிலிருந்து எடுத்தாள்.

"விடுங்கோ, அவா போகட்டும். நாம பஸ்ல போலாம். பிலிப்பு, மெதுவா ஓட்டாதே!"